நழுவலும் பிடிப்பும்

சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திர நாட்களில் ஒரு முற்பகல். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஒரு வேப்பமரத்து நிழலில், எழுபத்தெட்டு வயதான என் தாயார் சிமெண்டுக் கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரத்தில் என் தமையன் மகனுடைய மோட்டார் வண்டி அடிவயிற்றிலிருந்து நீலப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. கண் வைத்தியரிடம் காட்டிவிட்டு மேனாம்பேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். புகையைக் கண்டதும், "இறங்கம்மா, இறங்கு!" என்று நான் பதறிய பதற்றத்தில் அவள் கால் இடறி விழுந்தாள். உண்மையைச் சொல்லப்போனால் அன்று வண்டி தீப்பற்றவில்லை. என் பதற்றந்தான் தீப்பற்றியது.

அம்மா வலியைப் பொறுத்துக்கொண்டு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஏண்டா குழந்தை, வண்டிக்குச் சுரமா?"

இருபத்தாறு வயதுக் 'குழந்தை' பதில் சொல்லவில்லை. நடுச்சாலையில் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்போது இருந்த வெட்கத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிக விடைத்தாளை நான் அவன் கையில் கொடுத்த அன்று. நூற்றுக்கு முப்பத்தெட்டு.

அம்மா மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்தாள். வீட்டில் தீர்ப்பும் அன்றிரவே சொல்லப்பட்டுவிட்டது. "அந்த வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு மறு வேலை பார்" என்றான் என் தமையன். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தத் தீர்ப்பு நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. 'டார்க் கன்வர்ட்டர்' என்ற ஒரு யந்திர உறுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விஷயம் இதில் கொஞ்சம் விரிவாகவே வரும். மோட்டாரில் ருசியில்லாத நேயர்கள் பொறுத்தருள வேண்டும். சமையலறையிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள விஷயங்களைக் கொண்டே அதைச் சொல்லிவிட முடியும் என்று எனக்கு இப்போது நம்பிக்கை ஏற்பட்டிருக்கிறது.

*

மேனாம்பேடு அம்பத்தூரை ஒட்டிய ஊர். 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை, 1960-களில் தொழிற்பேட்டை என்று அம்பத்தூர் வளர வளர, எங்கள் பக்கத்து வயல்களெல்லாம் வீடுகளாயின. எங்கள் வீதியில் எந்தப் பையனைக் கேட்டாலும் லேத்து என்றால் என்ன என்று தெரியும். என் தமையன் மகன் பௌதிகத்தில் வாங்கிய மதிப்பெண்ணோடு கல்லூரிக்குப் போகாமல், அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் சேர்ந்தான். குடும்பத்தில் எனக்குத்தான் அதில் அதிக வருத்தம். பௌதிக ஆசிரியையின் மருமகன் கடைசல் வேலைக்குப் போவதாவது என்ற அகம்பாவந்தான். இன்று அவன் இரண்டு சிநேகிதர்களோடு தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து, பழைய வண்டிகளின் எஞ்சின்களைப் புதுப்பித்துக் கொடுத்து வருகிறான்.

மோட்டார்ப் பந்தயப் பைத்தியம் அவனுக்கு எங்கள் தகப்பனார் வழியாக வந்தது. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது போடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-இல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்திற்று. தகப்பனார் வாலிபத்தில் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே சோழவரம் போய் வருவாராம். பிற்காலத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப் சொந்தமாக ஓடுபாதை அமைத்தது. அங்கே நடக்கும் பந்தயங்களில் ஒன்று, நேர்க்கோட்டில் கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர், நின்ற நிலையிலிருந்து யார் முதலில் கடப்பது என்பது. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. புறப்படும் முதல் இரண்டு விநாடியில் பாதி வெற்றி தீர்மானமாகிவிடும்.

அவனுடைய வண்டி 1969-ஆம் ஆண்டு ஷெவ்ரலே இம்பாலா. ஏதோ ஒரு தூதரகத்துக்காக வந்து, பல கைகள் மாறி, சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போய், கடைசியில் துருப்பிடித்து நின்றதை அவனும் சிநேகிதர்களும் சேர்ந்து வாங்கினார்கள். எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர் எஞ்சின். கியர் மாற்றக் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லாத தானியங்கி வண்டி. நடுவில் ஒரு உறுதிமொழியையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலி போட்டு உட்காரவைத்து அவனிடம் நான் வாங்கிய முதல் வாக்குறுதி, பொதுச் சாலையில் ஒருநாளும் பந்தயம் விடுவதில்லை என்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு அதைக் குற்றம் என்கிறது. சட்டம் இருந்தும் வெளிவட்டச் சாலையில் இரவு நேரங்களில் பையன்கள் உயிரைப் பணயம் வைப்பதை நாம் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவன் அந்த வாக்கை மீறியதில்லை. பந்தயம் ஓடுபாதையில், மற்ற நாட்களில் அதே வண்டியில் பாட்டியைக் கோயிலுக்கும் வைத்தியரிடமும் அழைத்துப் போவது. ஒரே வண்டி இரண்டு வாழ்க்கை வாழவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. தொந்தரவெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

*

அம்மா விழுந்த நான்காம் நாள் இரவு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"அத்தை, வண்டியை விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன். ஆனால் எங்கே தப்புச் செய்தேன் என்று தெரியாமல் விற்க மனசில்லை. கொஞ்சம் கணக்குப் பார்த்துச் சொல்கிறீர்களா?"

பத்து வருஷ ஆசிரியத் தொழிலில் இதைவிட நல்ல கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. தாள்களை ஒதுக்கி வைத்தேன்.

கன்வர்ட்டர் என்பது என்ன? எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே, பெரிய பணியாரம் போல உப்பியிருக்கும் இரும்புப் பாத்திரம் அது. உள்ளே முழுவதும் எண்ணெய். எஞ்சினோடு இணைந்த ஒரு இறக்கைச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றி வீசுகிறது. கியர்ப்பெட்டியோடு இணைந்த மற்றொரு இறக்கைச் சக்கரத்தில் அந்த எண்ணெய் மோதி அதைத் திருப்புகிறது. இரண்டுக்கும் இரும்புத் தொடர்பு கிடையாது. ஓடுகிற மேசை விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் அதுவும் மெல்லச் சுழலுமல்லவா? அதே தத்துவந்தான். ஆகையால் சிக்னலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் நிற்க வேண்டியதில்லை, எண்ணெய் நழுவிக்கொள்கிறது.

"இது இரண்டு விசிறி மட்டும் இல்லை, அத்தை. நடுவிலே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஸ்டேட்டர்" என்றான் அவன்.

அதுதான் இந்த யந்திரத்தின் சூட்சுமம். இரண்டாவது சக்கரத்தில் மோதித் திரும்பும் எண்ணெய், எஞ்சினின் சுழற்சிக்கு எதிர்த் திசையில் வந்து அதற்கே தடையாகும். நடுவிலுள்ள ஸ்டேட்டர் அந்த எண்ணெயை மடக்கி, எஞ்சின் சுழலும் திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. உதவாமல் திரும்புகிற தண்ணீரை மடை திருப்பி மறுபடி பயிருக்கே விடுவது போல. இதனால், புறப்படும் கணத்தில், எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சக்கரத்துக்குக் கிடைக்கிறது. வண்டி வேகம் பிடித்து இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய சமமாகச் சுழலத் தொடங்கியதும் ஸ்டேட்டர் தானும் சேர்ந்து சுழன்று வழிவிட்டுவிடும். சைக்கிளின் ஃப்ரீ வீலைப் போல ஒரு பக்கம் பூட்டியும் மறுபக்கம் விட்டும் இருக்கும் அமைப்பு அதில் உண்டு. அம்பத்தூர்க்காரர்களுக்கு ஃப்ரீ வீலை விளக்க வேண்டியதில்லை.

இதை முதலில் கண்டவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர். 1905-இல் அவர் உரிமைப் பட்டயம் பெற்றது மோட்டார் வண்டிக்காக அல்ல, கப்பலுக்காக. நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுழல்வது. கப்பலின் உந்துச் சக்கரம் நிதானமாகச் சுழல வேண்டியது. அந்த இரண்டு சுபாவங்களையும் திரவத்தால் சமாதானம் செய்துவைத்தார் அவர். 1948-இல்தான் அமெரிக்காவில் பியூக் கம்பெனியார் இதைச் சாதாரண மோட்டார் வண்டியில் வைத்து விற்றார்கள்.

*

அவன் செய்த தவறு என்ன? முதலில் அவன் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பந்தயத்துக்காக எஞ்சினில் வேறு கேம் ஷாஃப்ட்டு போட்டான். அது வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். உயர்ந்த வேகத்தில் எஞ்சினுக்குப் பெரும் பலம். ஆனால் நிமிஷத்துக்கு 2,200 சுற்றுக்குக் கீழே அது சோம்பேறி. பழைய கன்வர்ட்டரோ 1,800 சுற்றிலேயே எஞ்சினைப் பிடித்து இழுத்துவிடும் ரகம். விளைவு என்னவென்றால், அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் கியரில் நின்றால் எஞ்சின் குலுங்கி அணைந்துபோகும். பந்தயத்திலோ, கொடி விழுந்ததும் வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு புறப்படும். பலம் பிறக்கும் இடத்துக்கு எஞ்சின் போய்ச் சேருமுன் பக்கத்து வண்டி பறந்துவிடும்.

இதற்கு மருந்து, உயர்ந்த 'ஸ்டால்' வேகமுள்ள கன்வர்ட்டர். வண்டியின் சக்கரங்களை அசையாமல் பிடித்துக்கொண்டு எஞ்சினை முழுவதும் முடுக்கினால், ஒரு குறிப்பிட்ட சுற்றுக்குமேல் எஞ்சினால் எண்ணெயைத் தள்ள முடியாது. அந்த எல்லையே ஸ்டால் வேகம். அது உயர்வாக இருந்தால் எஞ்சின் நழுவிக்கொண்டே தன் பலமான இடத்துக்குப் போய், அங்கிருந்து வண்டியை இழுக்கும்.

பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் 'இது 3,500' என்று சொல்லிக் கொடுத்த கன்வர்ட்டரை அவன் வாங்கிப் பொருத்தினான். சொன்னதை நம்பாமல் சோதித்தும் பார்த்தான், அதில் குறையில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு முடுக்கினான். முள் 2,100-இல் நின்றது. 'வியாபாரி ஏமாற்றிவிட்டார், இது சாதுவான 2,100 சரக்குதான்' என்று தீர்மானித்தான். சாதுவான சரக்குக்குத் தனி எண்ணெய்க் குளிர்விப்பான் எதற்கு என்று அதைப் போடாமல் விட்டான்.

"முள் 2,100-இல் நின்றபோது பின் சக்கரம் அசையாமல் இருந்ததா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "இல்லை அத்தை. பிரேக்கை மீறிச் சுழல ஆரம்பித்தது. அதனால்தான் காலை எடுத்தேன்."

"சக்கரம் சுழன்றால் உள்ளே இருக்கும் இரண்டாவது சக்கரமும் சுழன்றிருக்கிறது. அப்புறம் அது ஸ்டால் வேகம் எப்படி ஆகும்? நீ அளந்தது கன்வர்ட்டரை அல்ல, உன் பிரேக்கை!"

அவன் ஒன்றும் பேசாமல் செல்பேசியை எடுத்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஒத்திகை ஓட்டத்தின்போது சிநேகிதன் எடுத்த சலனப் படம் ஒன்று அதில் இருந்தது. நின்ற வண்டி முழு முடுக்கில் கிளம்பும் அந்தக் கணத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முள் ஒரே துள்ளலில் 3,600-ஐத் தொட்டுவிட்டு, பிறகே வண்டி ஓடுகிறது. வியாபாரி பொய் சொல்லவில்லை. விடை மூன்று மாதமாக இவன் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது; கேள்விதான் தவறாக இருந்தது.

*

"சரி, நழுவினால் என்ன? எண்ணெய்தானே, நழுவிவிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடியே. அவள் தூங்குகிறாள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

அதற்குத்தான் கணக்கு வேண்டும். எஞ்சின் ஸ்டால் நிலையில் 2,800 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறதென்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 117 கிலோவாட் சக்தி. வண்டியோ நகரவில்லை. அப்படியானால் அத்தனை சக்தியும் எங்கே போகிறது? ஒரு துளி வீணாகாமல் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அந்தச் சக்திக்கு மூன்று விநாடி கூட வேண்டாம். கியர்ப்பெட்டியிலும் கன்வர்ட்டரிலுமாகச் சுமார் 8 கிலோ எண்ணெய் இருக்கிறது. விநாடிக்கு ஏழு டிகிரி வீதம் அது சூடேறும். பத்து விநாடி அப்படிப் பிடித்தால் எழுபது டிகிரி.

சாலையில் யாரும் முழு முடுக்கில் நிறுத்திப் பிடிப்பதில்லை. ஆனால் சித்திரை வெயிலில், பூந்தமல்லிச் சாலை நெரிசலில், நகர்வதும் நிற்பதுமாக முக்கால் மணி நேரம் போகும்போது, நழுவுகிற ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறது. எண்ணெய் பெருகி, நுரைத்து, அளவுகோல் குழாய் வழியாக வழிந்து, பழுக்கக் காய்ந்த புகைபோக்கிக் குழாயின்மேல் விழுந்தது. அதுதான் அன்று நாங்கள் பார்த்த நீலப் புகை.

"நான் சொன்னது சரிதானே? சுரந்தான்" என்றாள் அம்மா.

*

இனித் தேர்வு. வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய சாமான். விலையும் சுங்கமும் சேர்த்தால் அவனுடைய இரண்டு மாத வருமானம். ஒருமுறை தவறினால் மறுமுறை வாங்க வழியில்லை. மூன்று ரகங்கள் அவன் நோட்டில் எழுதியிருந்தன: பழைய 12 அங்குல விட்டமுள்ள 1,800, 10 அங்குல விட்டமுள்ள 2,800, அதற்கும் சிறிய 3,500.

விட்டம் சிறுத்தால் ஸ்டால் வேகம் ஏன் உயர்கிறது என்று அவன் கேட்டான். கன்வர்ட்டர் தாங்கும் முறுக்குவிசை, சுழற்சி வேகத்தின் இருபடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் படிக்கும் ஏற்ப மாறும் என்பது விதி. 12 அங்குலத்தை 10 ஆகக் குறைத்தால் தாங்கும் சக்தி நூற்றுக்கு நாற்பதாகிவிடுகிறது. அதே முறுக்குவிசையைத் தாங்க ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான வேகத்தில் சுழலவேண்டும். 1,800 கணக்குப்படி 2,800-க்குச் சிறிது மேலே போகிறது. நான் கரும்பலகையில் பல தடவை எழுதிய 'ஐந்தாம் படி' என்ற சொல், இரண்டு அங்குலம் இவ்வளவு செய்யும் என்பதை அன்றுதான் எனக்கே உறைக்கச் செய்தது.

இதே விதியிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஸ்டால் வேகம் கன்வர்ட்டரில் பொறித்துவைத்த எண் அல்ல. எஞ்சினின் முறுக்குவிசை 1.44 மடங்கானால் அதே கன்வர்ட்டரின் ஸ்டால் 1.2 மடங்காகும், 2,000 என்று விற்றது 2,400 ஆகும். ஆகவே, 'என் சிநேகிதன் வண்டியில் நன்றாக இருக்கிறது' என்று வாங்குவது, அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதற்குச் சமானம். எஞ்சினின் பலம், வண்டியின் எடை, பின் அச்சின் பல் விகிதம், டயரின் உயரம், வண்டி நாள் முழுவதும் செய்யும் வேலை ஆகிய எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"அப்படியானால் 3,500 தானே அத்தை சரி? வண்டி 1,700 கிலோவுக்கு மேலே. கனமான வண்டியைக் கிளப்ப எஞ்சின் இன்னும் உயரத்திலிருந்து இழுக்கட்டுமே" என்றான். பந்தயக்காரன் என்ற முறையில் அவன் சொன்னது நியாயம்.

"வீட்டுக்குத் திரும்பி வரும்போது எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடும், கணக்குப் போடு" என்றேன்.

அவனே போட்டான். டயரின் விட்டம் 70 சென்டிமீட்டர்; ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 606 சுற்று. பின் அச்சின் விகிதம் 3.36. மேல் கியரில் ஏறத்தாழ 2,000 சுற்று. சமதரையில் அந்த வேகத்துக்கு எஞ்சின் தன் பலத்தில் கால்வாசி கொடுத்தால் போதும். கால்வாசிக்கு ஸ்டால் பாதியாகிறது. 3,500 என்பது 1,750 போலவும், 2,800 என்பது 1,400 போலவும் நடந்துகொள்ளும். இரண்டும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் பாடி மேம்பாலம் ஏறும்போது? பாதிப் பலம் வேண்டும் என்று வைத்தால், 2,800 சுமார் 1,980 போல் ஆகும். 3,500 சுமார் 2,475 போல் ஆகும். முன்னது அப்போதும் ஏறக்குறையப் பிடியில் இருக்கும். பின்னது நழுவிக்கொண்டே ஏறும். துல்லியமான கணக்கென்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் திசையைக் காட்டுவதற்கு இது போதும்.

கேம் ஷாஃப்ட்டின் பலம் 2,200-இல் பிறக்கிறது. அதற்குச் சற்று மேலே, ஐந்நூறு அறுநூறு சுற்று கூடுதலாக இருந்தால் எஞ்சினுக்குப் போதும். அதற்குமேல் கேட்பது பந்தயத்தின் பேராசை. அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தான். பிறகு 3,500-ஐ ஒரு கோடு போட்டு அடித்தான். அந்தக் கோட்டைப் போட அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் யாராவது மனமறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார்களா?

2,800 கன்வர்ட்டர், அதோடு காற்றுப் படும் இடத்தில் ஒரு எண்ணெய்க் குளிர்விப்பான், ஓட்டுகிறவன் கண்ணெதிரே எண்ணெயின் உஷ்ணத்தைக் காட்டும் ஒரு மானி. இதுதான் முடிவு. மானிக்கான பணத்தை நான் கொடுத்தேன்.

*

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பிய அன்று அவன் கேட்டான்: "இதை ஏன் அத்தை நாமே செய்யக்கூடாது?"

நான் அவனுக்கு இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஒன்று, எங்கள் ஊருக்கு மேற்கே ஆவடியில் நடப்பது. 1965-இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. பிற்காலத்தில் அதே ஆவடியில் உருவாகி, 2004-இல் ராணுவத்துக்குக் கொடுக்கப்பட்ட 'அர்ஜுன்' டாங்கி ஐம்பத்தெட்டு டன்னுக்கு மேற்பட்ட எடை. எஞ்சின் 1,400 குதிரைச் சக்தி. அந்த மலையை நகர்த்துவதும் ஒரு டார்க் கன்வர்ட்டர்தான். ஆனால் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. பீரங்கியும் கவசமும் நம்முடையவையாக இருக்க, பலத்தைச் சக்கரத்துக்குச் சேர்க்கும் வித்தைக்கு நாம் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது விஷயம், அந்த வித்தை நமக்கு வராதது அல்ல என்பது. மன்மோகன் சூரி என்ற ரெயில்வே எஞ்சினீயர், டீசல் ரெயில் எஞ்சின்களுக்காக ஒரு புதிய அமைப்பைக் கண்டார். புறப்படும்போது எண்ணெய் வழியாகப் பலத்தைச் செலுத்தி, வேகம் பிடித்தபின் இரும்புத் தொடர்பால் நேராகவே இணைத்துவிடுவது அதன் தத்துவம். நழுவ வேண்டிய இடத்தில் நழுவல். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பு. 1962-இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது. துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராகவும் இருந்தார். சித்தரஞ்சனில் கட்டப்பட்ட, ரெயில் பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் டீசல் எஞ்சின்களில் 'சூரி டிரான்ஸ்மிஷன்' ஓடிற்று. நம் பாடப் புத்தகங்களில் ஃபெட்டிங்கரும் இல்லை, சூரியும் இல்லை. நெம்புகோலும் கப்பியும் இருக்கின்றன; அவற்றோடு சரி.

"பாடத்தில் இது இருந்திருந்தால் நான் பாஸ் பண்ணியிருப்பேன்" என்றான் சிரித்துக்கொண்டே. அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவனுக்கு நான் போட்ட முப்பத்தெட்டில், அவனுடைய குறை எவ்வளவு, என்னுடைய குறை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை.

*

கன்வர்ட்டர் ஆவணி மாதம் வந்து சேர்ந்தது. பொருத்தி, எண்ணெயை நிரப்பி, ஒரு மாதம் வெறும் வண்டியாக ஊருக்குள் ஓட்டிப் பார்த்தான். சிக்னலில் எஞ்சின் அணையவில்லை. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு என்னையும் அழைத்துப் போனான். கால் மைலை 16.1 விநாடியில் ஓடினான். பழைய, நழுவுகிற கன்வர்ட்டரோடு அவன் ஓடியது 15.9. ஆக, நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கெல்லாம் சேர்ந்து அவனுக்குப் பத்தில் இரண்டு விநாடி நஷ்டம். அவன் பிரிவில் நான்காவதாக வந்தான். பரிசு மூன்று பேருக்குத்தான்.

திரும்பி வரும்போது நான் ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவனே, "அந்த இரண்டு பத்தில் எங்கேயும் போகவில்லை அத்தை. பாட்டி உட்காருகிற பின் ஸீட்டில் இருக்கிறது" என்றான்.

எரிந்துபோன பழைய கன்வர்ட்டரை அவன் லேத்தில் போட்டு இரண்டாக அறுத்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். இறக்கைகளெல்லாம் கருகி, இன்னும் தீய்ந்த எண்ணெய் வாசனை அடிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களும் பெண்களும் அதைச் சுற்றி நிற்க, அரை மணி நேரம் அவனே விளக்கினான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் யாரும் இவ்வளவு கேள்வி கேட்டு நான் கண்டதில்லை.

தை பிறந்து அம்மாவுக்கு மறுபடி கண் வைத்தியரிடம் போக வேண்டிய நாள் வந்தது. அந்த வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று சபதம் செய்திருந்தவள், வாசலில் வந்து அதைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். பிறகு முன் ஸீட்டில்தான் உட்காருவேன் என்றாள். அந்த மானி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பூந்தமல்லி நெருங்கும்போது, சென்ற ஆண்டு விழுந்த அதே வேப்பமரம் வந்தது. நெரிசலில் வண்டி அங்கேயே சிறிது நேரம் நிற்கவேண்டியதாயிற்று.

"சுரம் எத்தனை?" என்றாள் அம்மா, புதுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"எண்பத்தைந்து, பாட்டி."

"மனுஷருக்கு அது ஆகாது. வண்டிக்கு?"

"வண்டிக்கு அதுதான் சௌக்கியம்."

"அப்படியானால் போ" என்றாள்.